50 லிட்டர் பேக்பேக், மூன்று நாள் மலை நடை

வெளிநாட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் என் முதுகு சுமந்தது லேப்டாப் பையை மட்டும்தான். போன மாதம் தோழிகள் நாலு பேர் டென்ட், அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் பங்கு போட்டுத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் மலையில் நடந்துவிட்டு வந்தோம். அதற்காக வாங்கிய பேக்பேக்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

பை வாங்கப் போனால் எல்லோரும் எத்தனை லிட்டர் என்றுதான் கேட்கிறோம். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்குமே, அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். ஆள் உயரத்தை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. எங்களில் நெட்டையானவளுக்கும் எனக்கும் முதுகு ஒரே அளவு! இந்தப் பையில் தோள் வார்களை ஏற்றி இறக்கி முதுகுக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளலாம். நான் இதை எடுத்ததே அதற்காகத்தான்.

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பார்கள். என் பை 11 கிலோ, கணக்குக்குள்தான் இருந்தது. ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் தோள் கழன்று விழுகிற மாதிரி வலி. பின்னால் வந்தவள், "நில்லுடி, பெல்ட்டை வயித்துல கட்டியிருக்க" என்று பிடித்து நிறுத்தினாள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, பெல்ட்டை இடுப்பெலும்பின் மேலேயே உட்காரவைத்து இறுக்கினாள். பிறகு தோள் வார், அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பையோடு சேர்கிற குட்டி வார், கடைசியாக நெஞ்சு வார். அந்தக் குட்டி வாரை ஒரு விரற்கடை இழுத்ததுதான் தாமதம், பின்னால் சாய்ந்து தொங்கிய பை முதுகோடு வந்து ஒட்டிக்கொண்டது. பாரம் தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கியது. 1952-ல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கிய டிக் கெல்டி பிடித்த சூட்சுமமும் இதுதான்: பாரத்தைத் தாங்க வேண்டியது இடுப்பும் காலும்.

அதுவரை தரையைப் பார்த்தே நடந்தவள் அப்போதுதான் நிமிர்ந்தேன். மலை தெரிந்தது, தோழிகளின் முகம் தெரிந்தது, பேச மூச்சும் மிச்சமிருந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் போனிலேயே பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

ஓடையைக் கடக்கும் முன் இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட வேண்டும். தடுக்கி விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்துவிடலாம். இதன் பக்கிள் ஈரக் கையிலும் சட்டென்று திறக்கிறது. பக்கவாட்டுப் பாக்கெட் மட்டும் சரியில்லை. பையைப் போட்டபடி தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டவே எட்டாது, பின்னால் வருகிறவர்தான் எடுத்துத் தர வேண்டும்.

பெரிய குறை, கூடவே வருகிற ரெயின் கவர். அது பையின் வெளிப்பக்கத்தை மட்டுமே மூடுகிறது. இரண்டாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. கழுத்து வழியாக வழிந்த தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, ஸ்பாஞ்சில் ஊறி, அடியில் வைத்திருந்த ஸ்லீப்பிங் பேக்கைத் தொட்டுவிட்டது. ராத்திரி திறந்து பார்த்தால் கால் பக்கம் முழுக்கச் சொதசொத. நெட்டையானவள் எதுவும் கேட்கவில்லை. தன்னுடையதன் ஜிப்பை முழுக்கத் திறந்து போர்வையாக விரித்து, பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாள். வெகுநேரம் தூங்காமல் பேசிக்கொண்டிருந்தோம். இந்த ஊருக்கு வந்த புதிதில் தினமும் அழுததை அவளும் அன்றுதான் சொன்னாள்.

மறுநாள் கெட்டியான குப்பைப் பை ஒன்றைப் பேக்குக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி வாயை முறுக்கிக் கட்டினேன். அப்புறம் பெய்த மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. கவரை நம்பாதீர்கள், முதல் நாளே இப்படிச் செய்துவிடுங்கள்.

நடை முடிந்து வந்தும் தோளில் ஒரு தடிப்பு இல்லை. அடுத்த வாரம் நெட்டையானவள் வேறு கூட்டத்தோடு மலைக்குப் போகிறாள், பையைக் கேட்டிருக்கிறாள். வார்களைத் தொடவே வேண்டாம், அப்படியே மாட்டிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.