கான்பூர் .32 ரிவால்வர்: பாலிஷைப் பார்க்காதீர்கள், கீலைப் பாருங்கள்

கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாகக் குடியிருப்பவர், மில்காரர், நகைக்கடைக்காரர் என்று லைசென்ஸ் வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வரைத்தான். ஆறு தோட்டா, 76 மி.மீ. பேரல், எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உடம்பு பழைய பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி மார்க் 4. அதன் .38 குண்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்ட அளவு என்பதால் பொதுமக்களுக்கு .32.

ட்ரிகரில்தான் இதன் குணமே இருக்கிறது. பின்னால் இருக்கும் சுத்தி மாதிரியான ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் ட்ரிகர் லேசாக விழும், குறி நன்றாக நிற்கும். இழுக்காமல் ட்ரிகரை மட்டும் அழுத்தினால் தோட்டா இருக்கும் சிலிண்டர் சுழல்வது, ஹேமர் எழுவது, விழுவது மூன்றையும் அந்த ஒரே விரல் செய்ய வேண்டும். அதுதான் டபுள் ஆக்‌ஷன். கான்பூர் பீஸில் இந்த இழுப்பு கனமானது. வெடுக்கென்று இழுத்தால் குண்டு கீழே போகும். நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்துப் பழக வேண்டும். பழகியவருக்கு இதில் கிடைக்கும் ருசி வேறு எந்தப் பிஸ்டலிலும் கிடையாது. வீட்டில் பழகுவதென்றால் சிலிண்டரின் ஆறு அறையிலும் டம்மி தோட்டா போடுங்கள். தோட்டாவைத் தட்டும் ஊசி ஹேமரோடு சேர்ந்தது, வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தால் உடையலாம். நிஜத் தோட்டா நீங்கள் பழகும் ரூமிலேயே இருக்கக் கூடாது.

பழையது வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது கீல். இது நடுவில் மடிந்து திறக்கும் வகை. முன்னால் கீல், மேலே தாழ்ப்பாள். காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மூடிய நிலையில் பேரலையும் பிடியையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். டக்கென்று ஆடினால் விட்டுவிடுங்கள். பின்குறி அந்தத் தாழ்ப்பாளிலேயே இருப்பதால், தாழ்ப்பாள் தேய்ந்தால் குறியும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். அடுத்து, ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் சுழன்ற வேகத்திலேயே பூட்டிக்கொண்டு குறையை மறைத்துவிடும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பூட்டு தவறினால் அறையும் பேரலும் நேர்கோட்டில் நிற்காது. ஈயம் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கும். கடைசியாக, எழுந்து நிற்கும் ஹேமரைக் கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள். விழுந்தால் அது ஆபத்தான துப்பாக்கி.

“பீரோவுலயேதான் இருந்துச்சுங்க, சுட்டதே இல்லைங்க” என்பார்கள். அதைக் கேட்டதும் உறையை உருவிப் பார்ப்பது நல்லது. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை தொட்ட இடமெல்லாம் துரு. வால்பாறை மாதிரி ஈரம் பிடித்த ஊரென்றால் கேட்கவே வேண்டாம்.

தோட்டா விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. ரிவால்வருக்கான .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், 23 மி.மீ. நீளக் கூடு. பிஸ்டலுக்கான .32, 17 மி.மீ. இரண்டையும் 7.65 என்றே சொல்வார்கள். பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம், விளிம்பும் சின்னது. போடவே கூடாது. பெட்டியில் ‘ரிவால்வர்’ என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

சுட்ட பின் திறக்கும்போது பேரல் வாயை மேல்நோக்கி வைத்து, தயங்காமல் முழுக்கத் திறக்க வேண்டும். நட்சத்திர வடிவ எஜெக்டர் ஆறு கூட்டையும் ஒரே தள்ளில் வெளியே போடும். வாய் கீழே இருந்தாலோ, அரைகுறையாகத் திறந்தாலோ ஒரு கூடு எஜெக்டருக்கு அடியில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். பிறகு மூடவே மூடாது.

மடிந்து திறப்பதால் பேரலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரில் வாய்வழியாகத்தான் கம்பியை விட வேண்டும், வாய் விளிம்பு தேயும். பித்தளை பிரஷ், அதற்கென்றே விற்கும் கரைப்பான், பிறகு உலர்ந்த துணி. சிலிண்டர் முகத்திலும் எஜெக்டருக்கு அடியிலும் கரி சேரும். அதை விட்டால் சிலிண்டர் இறுகும், ட்ரிகர் இன்னும் கனக்கும். எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு போதும். பொள்ளாச்சித் தேங்காயெண்ணெய் தலைக்கு நல்லது, இதற்கு வேண்டாம். மார்கழியில் உறையும், நாளானால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை.

பன்றி விரட்டலாம் என்று வாங்குகிறவர்களுக்கு: மெதுவாகப் போகும் சின்ன ஈயக் குண்டு இது, பன்றியைக் காயப்படுத்தி நம் மேல் திருப்பிவிடும். மயிலைச் சுட்டால் வனச்சட்டம் பாயும். குண்டம் திருவிழாவிலும் கல்யாணத்திலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை. அதே திருத்தத்தில் ஒருவருக்கு 2 துப்பாக்கிதான் என்றும், லைசென்ஸ் 5 வருடம் என்றும் ஆனது.

பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் ‘பிரபல்’ 2023-ல் கான்பூரிலிருந்தே வந்துவிட்டது. கீல் தேயும் கவலை வேண்டாம் என்பவர் அதைப் பார்க்கலாம். எங்கள் ஓட்டு, கீல் இறுக்கமாக உள்ள பழைய .32-க்கே.

தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். சில மாதம் அங்கேயே கிடக்கும் என்பதால் பேரலுக்குள்ளும் வெளியேயும் எண்ணெய் தடவி, தோல் உறை இல்லாமல் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். திரும்பி வந்த அன்றைக்கே திறந்து துடைத்து, பூட்டு, கீல் எல்லாம் மறுபடி பாருங்கள்.