பட்டையும் வளைகோடும் ஒரே சார்ட்டில்: 5க்கு 3

நான் பயன்படுத்தும் விரிதாள் மென்பொருளில் ஹிஸ்டோகிராம் (எந்த அளவுக்குள் எத்தனை மதிப்புகள் என்று காட்டும் பட்டைப் படம்) என்றே தனி சார்ட் வகை இருக்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் அதன்மேல் மணி வடிவ நார்மல் வளைகோடு ஒன்றை வரையலாம் என்று போனால் வேறு எதையும் சேர்க்க விடாது. சரி என்று பழைய வழிக்கே திரும்பினேன். ஃப்ரீக்வென்சி ஃபார்முலாவில் ஒவ்வொரு பட்டைக்குமான எண்ணிக்கை எடுத்து, சாதாரண நெடுவரிசை (column) சார்ட் போட்டு, இடைவெளியை 0% ஆக்கினால் பட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன.

கூத்தெல்லாம் வளைகோட்டில்தான். நார்மல் வளைகோட்டின் உயரத்தைக் கணக்கிடும் நார்ம்.டிஸ்ட் ஃபார்முலா தரும் மதிப்பை அப்படியே போட்டால் கோடு தரையோடு படுத்துக்கிடக்கும், ஏனென்றால் அது நிகழ்தகவு அடர்த்தி (கோட்டுக்குக் கீழுள்ள மொத்தப் பரப்பு 1), எண்ணிக்கை இல்லை. தரவு 200, பட்டை அகலம் 5 என்றால் 200 × 5, அதாவது 1000-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கியதும் கோடு எழுந்து பட்டைகளின் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

பட்டையையும் கோட்டையும் ஒன்றாகப் போட உதவும் காம்போ சார்ட் வசதிக்கு முழு மார்க். 'ஸ்மூத் லைன்' டிக்கை மட்டும் நம்பாதீர்கள், அது புள்ளிகளுக்கு நடுவே இஷ்டத்துக்கு வளைந்து சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது (எண்ணிக்கை எப்படி மைனஸில் போகும்?). நிறையப் புள்ளிகளோடு ஸ்கேட்டர் (x, y மதிப்புகளைப் புள்ளிகளாக வைக்கும் சார்ட்) போட்டால் கோடு உண்மையாகவே வழவழப்பாக வரும், ஆனால் அதற்கான இரண்டாம் அச்சின் தொடக்கத்தையும் முடிவையும் கையால் சரிசெய்ய வேண்டும், தரவு மாறினால் மறுபடியும்.