90 நாள் காலாவதியா, நீளமான பாஸ்வேர்டா? பூட்டா, தாமதமா?

பாஸ்வேர்டு விதிகளை வகுக்கும் அட்மின் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. எட்டு எழுத்து, பெரிய எழுத்து, எண், குறி எனக் கலவை கட்டாயம், 90 நாளுக்கொரு மாற்றம் என்பது பழையது. நீளமான பாஸ்வேர்டு, கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுத் தடுத்தல், கசிவு தெரிந்தால் மட்டும் மாற்றம் என்பது புதியது. புதியதே மேல். பாதுகாப்பு கூடுவது ஒரு காரணம். லாகின் தொல்லைகள் குறைவது இன்னொன்று.

90 நாள் போன்ற கெடு வைத்தால் யூசர் என்ன செய்வார்? 7-ல் முடிந்ததை 8-ல் முடிப்பார். பழையது திருடனிடம் இருந்தால் புதியதை ஊகிக்க ஓரிரு முயற்சி போதும். அலுவலக விண்டோஸ் அக்கவுன்ட்டுகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி பழைய 24 பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்கும். ஆனால் குறைந்தபட்ச வயதை (ஒரு மாற்றத்துக்குப் பின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய நாள்களை) 0 என்று விட்டால், அடுத்தடுத்து மாற்றிக்கொண்டே போய்ப் பழையதற்கே திரும்பிவிடலாம். அதை 1 நாளாகவாவது வையுங்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே கெடுவைக் கைவிடச் சொன்னது. மைக்ரோசாப்டும் 2019-ல் தன் அடிப்படைப் பரிந்துரைகளிலிருந்து அதை நீக்கியது. கார்டு பரிவர்த்தனைக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதி மட்டும், பாஸ்வேர்டு ஒன்றே காவலாக இருக்கும் இடங்களில் 90 நாள் மாற்றத்தை, ஏற்கும் வழிகளில் ஒன்றாக இன்னும் வைத்திருக்கிறது. அங்கே இரண்டாம் காரணியை (ஓடிபி போன்ற இன்னொரு சான்றை) சேர்ப்பதே நல்ல விடை.

லினக்ஸில் கெடு வைப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். லாகின்.டெஃப்ஸ் (login.defs) கோப்பில் அதிகபட்ச நாள் 99999 என்று இருப்பதை 90 ஆக்கினால், அதற்குப் பிறகு உருவாகும் அக்கவுன்ட்டுகளுக்கு மட்டுமே அது செல்லும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ‘சேஜ்’ (chage) கட்டளையால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம்: சர்வீஸ் அக்கவுன்ட்டின் (மனிதருக்கல்லாமல் புரோகிராமுக்கான அக்கவுன்ட்டின்) பாஸ்வேர்டு காலாவதியானால், அதன் கிரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள், ஓடாமல் நின்றுவிடும். கிரான் பாஸ்வேர்டு கேட்பதே இல்லையே என்று தோன்றும். ஆனால் லினக்ஸின் அனுமதிச் சோதனை அமைப்பான பேம் (PAM), அக்கவுன்ட்டின் செல்லுபடியையும் தனியாகச் சோதிக்கிறது. பேக்கப் நின்றது மறுநாள்தான் தெரியவரும்.

கலவை விதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் கேட்பது ஐந்து வகை எழுத்துகளில் மூன்று. ‘பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லையே முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1 சேர்த்துக் கொடுத்தால் தேறிவிடும். விசைப்பலகையின் 95 குறிகளிலிருந்து தற்செயலாக எடுத்த 8 எழுத்துகளின் வலிமை சுமார் 52 பிட் (ஒரு பிட் கூடினால் ஊகிக்கும் வேலை இரட்டிப்பாகும்). 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தற்செயலாக எடுத்த 5 சொற்களுக்கு 64 பிட். நினைவில் நிற்பதும் இரண்டாவதுதான். நீளத்தைக் கூட்டும்போது, சேமிக்கும் முறையையும் பாருங்கள்: பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் பிகிரிப்ட் (bcrypt) முறை 72 பைட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், தமிழில் வைத்தால் 24 குறியீட்டோடு சரி.

அடுத்த போட்டி, தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டுவதா, தாமதப்படுத்துவதா என்பது. மூன்றாவது தவறில் பூட்டுவது கண்டிப்பாகத் தோன்றும். ஆனால் யூசர் பெயர்கள் தெரிந்த எவரும் மொத்த அலுவலகத்தையும் வெளியே நிறுத்திவிட முடியும். ஒரே பாஸ்வேர்டை நூறு அக்கவுன்ட்டுகளில் ஒரு தடவை மட்டும் முயல்பவனை அந்தப் பூட்டு தொடவே தொடாது. முயற்சிக்கு முயற்சி காத்திருப்பைக் கூட்டுவது உரிமையாளரைத் துன்புறுத்தாமல் திருடனைத் தளர வைக்கும். வெப் செயலிகளில் அதையே செய்யுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அந்த வசதி இல்லை. அங்கே 10 தவறு, 15 நிமிடப் பூட்டு என்பது நியாயமான அளவு. லினக்ஸில் தவறுகளை எண்ணிப் பூட்டும் ஃபெயில்லாக் (faillock), தானாக விட்டால் 15 நிமிடத்துக்குள் 3 தவறில் 10 நிமிடம் பூட்டும். அந்த 3-ஐயும் கூட்டுங்கள்.

பூட்டிக்கொண்டே இருக்கும் அக்கவுன்ட்டை வெறுமனே திறந்துவிடுவதில் பயனில்லை, மறுபடி பூட்டும். ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களில், பிடிசி எமுலேட்டர் (PDC Emulator) என்ற பொறுப்பில் உள்ளதன் செக்யூரிட்டி லாகில் 4740 எண் நிகழ்வைத் தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சி வந்தது என்பது அதிலேயே இருக்கும். அந்தக் கணினியில் கிரெடென்ஷியல் மேனேஜர் (விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் இடம்), திட்டமிட்ட பணிகள், சர்வீஸ்கள், மூடாமல் விட்ட ரிமோட் அமர்வுகள் என்ற வரிசையில் பாருங்கள். கடைசி இரண்டு பழைய பாஸ்வேர்டுகளை ஆக்டிவ் டைரக்டரி தவறாக எண்ணாது. ஆகவே நேற்று மாற்றியதைவிட, பல மாற்றங்களுக்கு முன்பு யாரோ எங்கோ பதிந்து மறந்த பாஸ்வேர்டின் மீதே சந்தேகம் விழ வேண்டும். 90 நாள் கெடு இருக்கும் இடத்தில், அந்த நிலைக்கு வர ஒரு வருடம்கூட ஆகாது.