ஒகேனக்கல் பரிசலும் மீன் சாப்பாடும்: என் மதிப்பீடு

காவிரியில் நீர்வரத்து குறைந்திருந்த ஒரு நாளில் குடும்பத்துடன் ஒகேனக்கல் சென்றோம். பரிசல் சேவையில் குறை சொல்ல ஏதுமில்லை. எங்கள் பரிசல்காரர் உயிர்காப்புக் கவசத்தை எல்லோருக்கும் அணிவித்த பிறகே துடுப்பைத் தொட்டார். பாறை இடுக்குகளில் நீர் சுழலும் இடங்களை நன்கு அறிந்து ஓட்டினார். ஆழமான மடு ஒன்றைக் கடக்கும்போது, "இங்கதான் சார் ஆனைக்கெண்டை கிடக்கும்னு எங்கப்பா சொல்வாரு. நான் ஒண்ணுகூடப் பாத்ததில்ல" என்றார்.

அவர் சொன்னது, முதுகு திமில்போல் உயர்ந்திருக்கும் காவிரி மஷீரைப் பற்றி. 1946-இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. காவிரி வடிநிலத்துக்கே உரிய இம்மீனின் அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்று தெளிவானதே 2018-இல்தான். மிகவும் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான். புதுவெள்ளத்தில் எதிர்நீச்சலிட்டு மேலேறிக் கூழாங்கற்களிடையே முட்டையிடும் மீனின் வழியை அணைகள் அடைத்தன. மணல் அள்ளியவர்கள் படுகையையே குலைத்தார்கள். மடுக்களில் வெடி வீசியவர்கள் தாய்மீனோடு குஞ்சுகளையும் கொன்றார்கள். இவற்றைவிட என்னை வருத்துவது நல்லெண்ணத்தில் நடந்த ஒரு செயல். மஷீரைப் பெருக்குவதாக எண்ணி, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த, வேறோர் இனமான நீலத்துடுப்பு மஷீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். கர்நாடகத்தின் கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் பார்த்தபோது, வந்த மீன் பெருகியிருந்ததும், ஆற்றின் சொந்த மீன் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்ததும் தெரிந்தன.

கரைக்குத் திரும்பியபோது, நாங்கள் போகும்முன் வாங்கிக் கொடுத்திருந்த மீனில் சமையல்கார அம்மா குழம்பையும் வறுவலையும் தயாராக வைத்திருந்தார். மசாலாவின் காரமும் புளிப்பும் அளவாக இருந்தன. அவருடைய கைப்பக்குவத்துக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் மீன் விற்ற கடையில் எது என்ன மீன், எங்கே பிடித்தது என்று கேட்டதற்கு "ஆத்து மீன்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. ஜிலேபி, ரோகு, கட்லா என்று பெயர் எழுதி வைப்பது பெரிய வேலையில்லை. எழுதாததால் அக்கடைக்கு ஐந்துக்கு இரண்டுதான்.

பரிசலுக்கு ஐந்துக்கு ஐந்து. அடுத்த முறையும் அதே பரிசல்காரரைத்தான் தேடுவேன். சமையலுக்கு மட்டும் வளர்ப்பு ரோகு என்று உறுதியாகத் தெரிந்ததை வாங்கிக்கொண்டு போவேன்.