ஏஜென்ட் கையில் டெலிட் டூல்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் நண்பர் கேட்டார்: "மக்கா, அந்த கிளவுட் எம்சிபி சர்வர்ல இருக்க டெலிட் டூலயும் ஏஜென்ட்டுக்குத் தொறந்து விட்டிரலாமால?" போனில் சொல்லித் தீராத பதில். நாகர்கோவில், தக்கலை பக்கம் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன். எம்சிபி (ஏஐ ஏஜென்ட்டை வெளி டூல்களோடு இணைக்கும் முறை), இன்ஸ்டாலேஷன் எல்லாம் தெரிந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். உதாரணங்கள் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸை வைத்து.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். மிச்சம் மீதியைத் தேடி அழிப்பதில் இந்த டூலுக்கு ஈடு இல்லை. உள் சர்வர்கள் வெளி நெட்டுக்குப் போகும் வாசலான நாட் கேட்வேயை நீக்கினாலும் அதோடு இருந்த எலாஸ்டிக் ஐபி (நிலையான பப்ளிக் ஐபி முகவரி) அக்கவுண்டிலேயே கிடக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபிவி4 ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாசம் சுமார் 3.6 டாலர். ஈசி2 இன்ஸ்டன்ஸை (வாடகை சர்வரை) டெர்மினேட் செய்தால் ரூட் வால்யூம், அதாவது அதன் முதல் டிஸ்க், வழக்கமாகக் கூடவே போய்விடும். பிறகு மாட்டிய வால்யூம் போகாது, பில்லும் நிற்காது. ஏஜென்ட் இதையெல்லாம் ரீஜன் ரீஜனாகப் பார்த்து, கேட்வே முழுதாக நீங்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே ஐபியை ரிலீஸ் செய்கிறது. வரிசை தப்புவதில்லை. இந்த ஒரு வேலைக்காகவே டூலை வைத்துக்கொள்ளலாம்.

எரிச்சல் எல்லாம் அதன் விளக்கக் குறிப்பில். "சர்வீஸை நீக்கும். மீட்க முடியாது." இவ்வளவுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். வெப் கன்சோலில் டெலிட் செய்யும் மனிதருக்கு எச்சரிக்கை வரும், சில சர்வீஸ்களில் டைப் செய்து உறுதிப்படுத்தவும் சொல்லும். ஏஜென்ட்டுக்குத் தெரிவதெல்லாம் அந்த விளக்கமும் பாராமீட்டர் பெயர்களும்தான். அதில் இல்லாததை அது ஊகிக்கும்.

தோவாளைப் பூ வியாபாரிகளுக்கு ஒரு ஆர்டர் ஆப் ஓடுகிறது என்று வையுங்கள். 'தோவாளை-ஆர்டர்-டெஸ்ட்' என்ற சர்வீஸை நீக்கச் சொல்கிறோம். கோரிக்கை போகிறது, நெட் இழுக்கிறது, டைம்அவுட். உண்மையில் அந்தப் பக்கம் டெலிட் முடிந்துவிட்டது. ஏஜென்ட் மறுபடி முயல, "அப்படி ஒரு சர்வீஸ் இல்லை" என்று 404 வருகிறது. பெயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம் போல என்று நினைத்து, பட்டியலை எடுத்துப் பார்க்கிறது. நெருக்கமான பெயர் 'தோவாளை-ஆர்டர்', அதுதான் வியாபாரிகள் பயன்படுத்தும் நிஜ ஆப். அதை நீக்கிவிடுகிறது. காலையில் மார்க்கெட் கூடும்போது ஆப் இருக்காது. தடுக்க இரண்டு வரி போதும்: "404 வந்தால் ஏற்கெனவே நீங்கிவிட்டது என்று பொருள், வேறு பெயர் தேடாமல் நிறுத்து", "பெயர் ஏற்கப்படாது, ஐடி மட்டும்". இரண்டாவதை கோடிலும் செய்ய வேண்டும்.

டேட்டாபேஸ் சர்வீஸான ஆர்டிஎஸ் இன்னும் மோசம். டேட்டாபேஸை நீக்கும்போது கடைசி ஸ்னாப்ஷாட்டுக்கு (அந்த நேரத்து நகலுக்கு) பெயர் கொடுக்காவிட்டால் எரர் வரும். எரரைத் தீர்க்க இரண்டு வழி: பெயர் கொடுப்பது, இல்லை 'ஸ்கிப் ஃபைனல் ஸ்னாப்ஷாட்' என்பதை ட்ரூ ஆக்குவது. எரர் போனால் சரி என்று ஓடும் ஏஜென்ட் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தனியாகச் சொல்லாவிட்டால் ஆட்டோமேட்டிக் பேக்கப்புகளும் இன்ஸ்டன்ஸோடு அழியும்; கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் மட்டுமே மிஞ்சும். டெலிஷன் ப்ரொடெக்‌ஷன் (நீக்கத் தடை) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மாடிஃபை பர்மிஷனும் அதே ரோலில் (உரிமைத் தொகுப்பில்) இருந்தால், ஏஜென்ட் முதலில் அந்தத் தடையை அணைத்துவிட்டு அடுத்த அழைப்பில் நீக்கும்.

"மீட்க முடியாது" என்பதும் முழு உண்மை இல்லை. கேஎம்எஸ் கீ (என்கிரிப்ஷன் சாவி) உடனே போகாது, 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, அதற்குள் ரத்து செய்யலாம். பாஸ்வேர்டுகளை வைக்கும் சீக்ரெட்ஸ் மேனேஜரிலும் அதே 7 முதல் 30 நாள், ஆனால் ஃபோர்ஸ் டெலிட் கொடுத்தால் அந்த அவகாசம் கிடையாது. எது திரும்பும், எத்தனை நாளுக்குள், எதற்குப் பில் தொடரும் என்று சர்வீஸ் வாரியாக எழுத ஒரு மதியம் போதும். எழுதாமல் விட்டிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

'கன்ஃபர்ம்: ட்ரூ' என்றொரு பாராமீட்டர் இருக்கிறது. அதை நிரப்புவதும் ஏஜென்ட்தான், அதனால் பாதுகாப்பு எதுவும் இல்லை. முதல் அழைப்பு நீக்கப்போகும் பட்டியலைத் தர வேண்டும். இரண்டாவது அழைப்புக்கான டோக்கன் (அனுமதிக் குறியீடு) ஏஜென்ட்டின் கண்ணில் படாமல் வேறு வழியாக மனிதருக்கு வர வேண்டும். இந்த டூல் அழிக்கக்கூடியது என்று காட்டும் எம்சிபியின் 'டிஸ்ட்ரக்டிவ் ஹிண்ட்'டும் தடுப்பு இல்லை, பெயர் சொல்வதுபோல வெறும் குறிப்பு. கேட்பதும் கேட்காததும் ஏஜென்ட்டை ஓட்டும் கிளையன்ட் சாஃப்ட்வேரின் விருப்பம்.

நண்பருக்கு என் பதில்: ஏஜென்ட்டுக்கு ஏடபிள்யூஎஸ்ஸின் உரிமை நிர்வாகமான ஐஏஎம்மில் தனி ரோல் போடுங்கள், டெவலப்பர் கீயைக் கொடுக்காதீர்கள். அப்போதுதான் நடவடிக்கைப் பதிவான கிளவுட்ட்ரெயிலில் யார் நீக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியும். அதன் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள் வரை இருக்கும். ப்ரொடக்‌ஷன் (நிஜப் பயன்பாட்டில் இருப்பது) என்ற டேக் உள்ளவற்றுக்கு டெலிட், டெர்மினேட், மாடிஃபை மூன்றையும் தடை செய்யுங்கள். டேக்கை மாற்றும் உரிமையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டேக்கைக் கழற்றிவிட்டு நீக்கலாம். முடிந்தால் ப்ரொடக்‌ஷனுக்குத் தனி அக்கவுண்டே வைப்பது நல்லது.

வேலைத்திறனுக்கு அஞ்சுக்கு நாலரை தருவேன். அப்படியும் கிளையன்ட் அக்கவுண்டில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். சபரிமலை சீசன் வந்தால் கன்னியாகுமரி லாட்ஜ் புக்கிங் சைட்டுகள் ஒரு மணி நேரம்கூட நிற்க முடியாது. விளக்கக் குறிப்பைத் திருத்தி எழுதும்வரை ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) மட்டும் ஓடட்டும்.