மிக்கேலா டாப் (Tabb) ரெஃபரியாக நின்ற மூன்று ஃபைனல்கள்: எதை முதலில் பார்ப்பது?

பழைய ஸ்னூக்கர் வீடியோ தேடுகிறவர்கள் ஓ'சல்லிவன், ஹென்ட்ரி என்று பெரிய ஆட்டக்காரர்களைத்தான் தேடுவார்கள். ஒரு மாறுதலுக்கு ரெஃபரியை வைத்துத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அதுவும் மிக்கேலா டாப் நின்ற ஃபைனல்களை.

ஆட்டமாகப் பார்த்தால் 2007 வெல்ஷ் ஓபன் ஃபைனலுக்குத்தான் முதலிடம். நீல் ராபர்ட்சன் 6-2 என்று ஓடிவிட, அதிகம் பேர் கேள்விப்படாத ஆண்ட்ரூ ஹிக்கின்சன் வரிசையாக ஆறு ஃபிரேம் (ஃபிரேம் என்றால் ஒரு தனி ஆட்டம்) அடித்து 8-6 ஆக்குகிறார், கடைசியில் ராபர்ட்சன் 9-8. ரேங்கிங் ஃபைனல் ஒன்றில் (உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் போட்டியின் ஃபைனல்) ஒரு பெண் ரெஃபரியாக நின்றது அதுதான் முதல் முறை. பூல் ஆடி, பூலுக்கு ரெஃபரியாக இருந்துவிட்டு ஸ்னூக்கருக்கு வந்தவர் இவர். ரெஃபரிகளுக்கான வழக்கமான கிரேடுகளை ஒவ்வொன்றாக ஏறாமல் நேரே தொழில்முறை சர்க்யூட்டுக்கு வந்துவிட்டார் என்று பொருமியவர்களும் உண்டு. வேலையைப் பார்த்தால் அந்தப் பொருமலுக்கு என்னால் இடம் காண முடியவில்லை.

அடுத்து 2009 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல், ஷெஃபீல்டில் க்ரூசிபிள் அரங்கம். ஜான் ஹிக்கின்ஸ் 18-9 என்று ஷான் மர்ஃபியை அடித்துவிட்டார், ஆட்டம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் ரெஃபரியைக் கவனிக்க இதுவே வசதி, ஏனென்றால் யார் ஜெயிப்பார் என்ற பதற்றம் இல்லாமல் 27 ஃபிரேம் பார்க்கலாம். கலர் பந்து விழுந்ததும் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் அதற்குரிய ஸ்பாட்டில் வைப்பது, ஸ்கோர் சொல்வது, அடுத்த ஷாட்டுக்கு ஆட்டக்காரர் குனிவதற்குள் அவர் பார்வையிலிருந்து விலகி நிற்பது, எல்லாம் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். பந்தைத் துடைக்கச் சொன்னால் பந்து இருந்த இடத்தைக் காட்டும் மார்க்கரை ஒட்டி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அடுத்த ஷாட் வேறு ஷாட் ஆகிவிடும். இவ்வளவையும் வெள்ளைக் கையுறையோடு, அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு நாள் செய்ய வேண்டும்.

2012 உலக ஃபைனலிலும் ரெஃபரி இவர்தான்: ஓ'சல்லிவன் 18-11 அலி கார்ட்டர். இதில் கண் ஓ'சல்லிவனை விட்டு நகராது, அதனால் நம் காரியத்துக்கு ஆகாது.

குறை என்றால் ஒளிபரப்புதான். க்ளோசப்பில் கையுறை மட்டும் தெரியும், எங்கே எப்படி விலகி நிற்கிறார் என்பது லாங் ஷாட் வந்தால்தான் தெரியும். முதல் பெண், முதல் பெண் என்ற பேச்சு ஓடும் அளவுக்கு அந்த வேலையில் என்ன கஷ்டம் என்று யாரும் விளக்குவதில்லை. மூணு மணி நேரம் பார்த்துவிட்டும் 'மிஸ்' (பட வேண்டிய பந்தில் படவைக்க ஆட்டக்காரர் போதுமான அளவு முயலவில்லை என்ற தீர்ப்பு) ஏன் கொடுத்தார் என்று புரியாமல் எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர்!

2015இல் ஸ்னூக்கர் சர்க்யூட்டை விட்டு விலகிவிட்டார், அந்தப் பிரிவு சுமுகமாக நடக்கவில்லை. அது தனிக் கதை.

நேரம் குறைவு என்றால் 2007இன் கடைசி மூன்று ஃபிரேம் போதும். முழுசாக உட்கார முடிந்தால் 2009. ஐந்துக்கு நாலரை, அரை மார்க் போனது கேமராவால்.