பக்கவாயில் விறகு செருகும் ராக்கெட் அடுப்பு: வாங்கலாமா?

பக்கவாயில் எரியும் விறகின் தீ, உள்ளே நிற்கும் குழல் வழியே மேலேறிப் பாத்திரத்தின் அடியைச் சுடும் அடுப்பு இது. சோறு வடிக்க, வெந்நீர் போட நல்லது. தோசைக்கு வேண்டாம், கல்லின் நடு கருகும், ஓரம் வேகாது. விறகு மிச்சமாவது உண்மைதான். ஆனால் பெருவிரல் தடிமனுக்குப் பிளந்து வைக்கச் சோம்பல்படுபவர்கள் வாங்கிப் பயனில்லை.

அடுப்பு வாயில் குறுக்கே ஒரு தகடு இருக்கும். அதன் மேலே விறகு, கீழே காற்று. புகைச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கீழ்ப்பாதியைச் சாம்பல் அடைத்திருக்கிறதா என்பதை. பற்றவைக்கத் தென்னம்பன்னாடை ஒரு பிடி, மேலே மெல்லிய சுள்ளி. அது சடசடவெனப் பிடித்த பிறகே மூன்று விறகு. நுனி எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள். வாய்முட்டத் திணித்தால் தீ மூச்சுத் திணறிப் புகையும். வெட்டிய முனையில் நுரை கொப்பளித்து 'உஸ்' என்றால் விறகு இன்னும் காயவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. சூடான குழலுக்குள் ஆவி நிறைந்து, தீக்குச்சி பட்டதும் முகத்தில் அடிக்கும்.

புகை குறைவு என்பதால் மூடிய அறைக்குள் வைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தாழ்வாரமோ முற்றமோதான் இடம், கீற்றுக்கூரைக்கு அடியில் அல்ல. அணைக்க விறகை வெளியே இழுத்து மண்ணில் தேய்த்தால் போதும். உட்புறம் சுட்டமண் பூசிய அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரை உயிரோடு கிடக்கும். தகர வாளியில் கொட்டுங்கள், பிளாஸ்டிக் கூடையில் அல்ல.

கைப்பிடிக்கு மர உறை இல்லாத மாடலைத் தவிர்த்துவிடலாம்.